பட்டாணி சூப் குறிப்பில் தண்ணீரை மறந்துவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்கு வாங்கி மிஞ்சிய ஹாமை (உப்பேற்றிய பன்றித் தொடை இறைச்சி) வைத்துப் பட்டாணிப் பருப்பு சூப் செய்யும் குறிப்பு தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. நல்ல பண்டம். வயிறு நிறையும், மிச்சம் வீணாகாது. ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் அந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவர்களின் பாத்திரத்தில், கல்லுக் கல்லாக நிற்கும் பருப்பும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரும்தான் இருந்திருக்கும். கைப்பக்குவம் போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள். பிழை அவர்கள் கையில் இல்லை, குறிப்பில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பருப்பு. குறிப்பில் வெறுமனே 'பட்டாணி 2 கப்' என்று இருந்தது. நம் ஊர் மளிகைக் கடையில் பட்டாணி என்று கேட்டால் சுண்டலுக்குப் போடும் முழு வெள்ளைப் பட்டாணியைத்தான் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதற்குத் தோல் உண்டு. எட்டு மணி நேரம் ஊறாமல் வேகாது, வெந்தாலும் தோல் சூப்பில் மிதக்கும். இந்த சூப்புக்கு வேண்டியது தோல் நீக்கி இரண்டாக உடைத்த பட்டாணிப் பருப்பு. டீக்கடைகளில் பருப்பு வடைக்கு அரைக்கிற அதே மஞ்சள் பருப்புதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். பச்சை நிறத்தது மதுரைப் பக்கம் பெரிய கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே பயிர்தான். மஞ்சளில் கொஞ்சம் மாவுச்சுவை, பச்சையில் கொஞ்சம் இனிப்பு. ஹாமோடு எனக்கு மஞ்சளே பிடிக்கும். கனடாவின் பிரெஞ்சு மக்களும் சுவீடன்காரர்களும் மஞ்சளில்தான் வைக்கிறார்கள். டச்சுக்காரர்கள் பச்சையில் வைக்கிறார்கள். சுவீடனில் இதற்கு வியாழக்கிழமை என்று கிழமையே உண்டு. மறுநாள் வெள்ளி ஒருசந்தி நோன்பு, இறைச்சி கூடாது, அதனால் முதல்நாளே வயிறு கனக்கச் சாப்பிட்டுக்கொண்ட பழைய கத்தோலிக்க வழக்கம் அது என்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம் கத்தோலிக்க வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடலைப்பருப்பை மாற்றி வாங்கிவிடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால், கடலைப்பருப்பின் முதுகில் சிறு சுருக்கமும் ஓரத்தில் மூக்கு மாதிரி ஒரு கூரும் இருக்கும். பட்டாணிப் பருப்பு முதுகு வழவழவென்று அரை உருண்டையாக, கூர் இல்லாமல் இருக்கும். கடலைப்பருப்பு எவ்வளவு வெந்தாலும் உருவம் கலையாது. இந்த சூப்புக்குப் பருப்பு தானாகக் கரைய வேண்டும், அதுதான் இதன் உயிர்.

பருப்பின் வயதையும் பார்க்க வேண்டும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் பயறு வகை உள்ளுக்குள் இறுகிப்போகும். பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு கடினம் மிஞ்சும். நம் கடற்கரையில் வருஷம் முழுக்க அந்த வெக்கையும் ஈரமும்தான். மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிவைத்து மலிவாகக் கொடுக்கும் இடத்தில் இதை வாங்காதீர்கள். நிறம் வெளுத்து, அடியில் மாவுப்பொடி இறங்கி, வண்டுத் துளை தெரிந்தால் பழசு. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அவ்வப்போது வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இனி தண்ணீர். குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்த மாவட்டத்தில் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீருக்கு நடக்கிறவர்களும், மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் கோரி ஊற்றுகிறவர்களும் உண்டு. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரும் பெரும்பாலான ஊர்களில் உவர்ப்பு. அதில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். சூட்டில் இந்தப் பசை கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்போது பசை கரைவதில்லை, பருப்பும் உடைவதில்லை. சோப்பு நுரைக்காத தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது முற்றிலும் சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

என்ன செய்யலாம்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் அதையே பயன்படுத்துங்கள். அது வராத ஊரில், இந்த ஒரு சமையலுக்கு மட்டும் இரண்டரை லிட்டர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு வேகவைப்பதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். எலும்புக்கு உவர்நீர், பருப்புக்கு நல்ல நீர் என்று பிரித்தால் பலனில்லை, இரண்டும் கடைசியில் ஒரே பாத்திரத்தில் சேரும். உவர்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கொஞ்சம் குறையும், பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த அளவுக்குத்தான். மிச்சம் தண்ணீரிலேயே நிற்கும். வேறு வழியே இல்லையென்றால் 400 கிராம் பருப்புக்குச் சமையல் சோடா கால் தேக்கரண்டி. தலை தட்டிய கால், அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் கூடாது. கூடினால் சவுக்காரச் சுவை வரும், பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் அழியும்.

உப்பு போட்டால் பருப்பு வேகாது என்று காலங்காலமாகச் சொல்கிறோம். அதில் பாதிதான் சரி. சாதாரண தூள் உப்பு கலந்த நல்ல தண்ணீரில் ஊறிய பயறு இன்னும் சீக்கிரம் குழைகிறது. உப்பிலுள்ள சோடியம் அந்தப் பசையிலிருந்து கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுவதுதான் காரணம். ஆனால் நம் அடுப்பங்கரையில் கைக்கு எட்டும் கல்லுப்பு, வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வருவது, கடல்நீரின் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் சிறிது கூடவே கொண்டுவரும். ஊறவைக்கும் தண்ணீரில் அதைப் போட வேண்டாம்.

தக்காளி விஷயமும் இதோடு சேர்ந்தது. குறிப்பில் தக்காளி இரண்டை முதலிலேயே வதக்கச் சொல்லியிருந்தார்கள். புளிப்பு எதுவானாலும், அது தக்காளியோ புளியோ எலுமிச்சையோ, அந்தப் பசையை இறுக்கும். சாம்பாரில் பருப்பைத் தனியே வேகவைத்த பிறகு புளி ஊற்றுவது இதற்குத்தான். உவர்நீரோடு தக்காளியும் சேர்ந்தால் பருப்பு விடியவிடியக் கொதித்தாலும் குழையாது. உண்மையில் இந்த சூப்புக்குத் தக்காளியே வேண்டாம். புளிப்பு வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை.

ஹாமின் உப்புக் கணக்குக்கு வருகிறேன். ஹாம் என்பது உப்பு ஏற்றி, பெரும்பாலும் புகையும் காட்டிய பன்றித் தொடை. 100 கிராமில் 1 கிராமுக்கு மேலேயே சோடியம் இருக்கும், உப்பாகச் சொன்னால் இரண்டரை கிராம். 250 கிராம் ஹாமை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1 கிராம் உப்பு இறைச்சியிலிருந்தே வந்துவிடுகிறது. தங்கள் குறிப்பு அதன்மேல் இரண்டு தேக்கரண்டி உப்பு போடச் சொல்கிறது. அது 12 கிராம், ஆளுக்கு இன்னும் 2 கிராம். ஒருவர் ஒருநாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரே கிண்ண சூப்பில் 3 கிராம் போய்விட்டால் ரத்தக் கொதிப்புள்ளவர்கள் என்ன செய்வார்கள்? இந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது செய்முறை. ஆறு பேருக்கு அளவு: மஞ்சள் பட்டாணிப் பருப்பு 400 கிராம், இறைச்சி ஒட்டியிருக்கும் ஹாம் எலும்பு ஒன்று (500 முதல் 600 கிராம்), எலும்பிலிருந்து பிரித்த அல்லது தனியே மிஞ்சிய ஹாம் 250 கிராம், பல்லாரி (பெரிய வெங்காயம்) 2, கேரட் 2, பூண்டு 4 பல், பிரிஞ்சி இலை 1, மிளகு 10, நல்ல தண்ணீர் இரண்டரை லிட்டர், எண்ணெய் அல்லது வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. செலரித் தண்டு கிடைத்தால் இரண்டு. கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி, இலையைக் கிள்ளிவிட்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் தைம் என்றொரு தழை வரும். அதற்குக் கடை கடையாக அலைய வேண்டாம். தைமின் வாசனைக்குக் காரணமான தைமால் நம் ஓமத்திலும் இருக்கிறது. ஓமம் கால் தேக்கரண்டியைக் கையில் கசக்கிப் போட்டால் போதும், பட்டாணிப் பருப்பின் வாயுவுக்கும் ஆகும். அதே குறிப்புகள் சொல்லும் பே இலையும் நம் பிரிஞ்சி இலையும் வேறு வேறு மரம். நம்முடையதில் பட்டை வாசனை அடிக்கும், அதனால் ஒன்றுக்கு மேல் போட்டால் சூப் பிரியாணிப் பக்கம் போய்விடும்.

எலும்பில் ஒட்டியிருக்கும் இறைச்சியை முழுக்க வழித்துவிடாதீர்கள், கொஞ்சம் இருக்கட்டும். தோலையும் எறிய வேண்டாம். எலும்பையும் தோலையும் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் வந்தால் போதும். சூப்பில் உதடு லேசாக ஒட்டுகிற அந்தக் கொழகொழப்பு எலும்பின் முட்டியிலும் தோலிலும் இருக்கும் ஜவ்விலிருந்து வருவது. அது மெதுவாகத்தான் இறங்கும். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. இதைத் தவறவிடாதீர்கள். ஒரு கரண்டி எலும்புச் சாற்றைக் கிண்ணத்தில் எடுத்து, ஊதாமல் ஆறவிட்டுச் சுவைத்துப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்பின் அளவு சரியாகத் தெரியாது. ஆறிய சாறு ரசத்தின் உப்பில் பாதி இருந்தால் சரி. ரசம் அளவுக்கே இருந்தால் பாதிச் சாற்றை எடுத்துவைத்துவிட்டு அதே அளவு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சூப் வற்றும்போது உப்பு வற்றாது. எடுத்துவைத்த சாறு வீணாகாது, மறுநாள் கெட்டியான சூப்பை இளக்க உதவும்.

எலும்பு வேகும் நேரத்திலேயே பருப்பை நாலு தண்ணீரில் கழுவுங்கள். கலங்கல் தெளிய வேண்டும். புதுப் பருப்புக்கு ஊறல் தேவையில்லை. பழசு என்று சந்தேகம் இருந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தூள் உப்பு ஒரு தேக்கரண்டி கலந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டுப் பொடியாக நறுக்கிய பல்லாரி, கேரட், தண்டு, பூண்டு எல்லாவற்றையும் சிறுதீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். சிவக்க வேண்டாம், கண்ணாடி மாதிரி ஆனால் போதும். சின்ன வெங்காயம் போட்டால் இனிப்பு தூக்கும், ஹாமிலும் சர்க்கரை இருக்கக்கூடும் என்பதால் பல்லாரியே நல்லது. பருப்பைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி, எலும்புச் சாற்றை எலும்போடு ஊற்றி, ஓமம், மிளகு, இலை சேருங்கள். முதல் கொதியில் வெள்ளை நுரை பொங்கும். பக்கத்திலேயே நின்று எடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து, ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம்.

முதல் அரைமணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பருப்பு அடியிலும் தண்ணீர் மேலேயுமாகத் தனித்தனியே நிற்கும். நாற்பதாவது நிமிடம் வாக்கில் பருப்பின் விளிம்புகள் தேய்ந்து, தண்ணீர் பால்போலக் கலங்கும். அங்கிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டையான கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். மாவு கனம், கீழே இறங்கிப் படியும், படிந்தது பிடிக்கும். கொதிச் சத்தமே சொல்லிவிடும்: சலசலவென்றிருந்தது மாறி, சேற்றில் குமிழ் வெடிப்பது மாதிரி பொத்துப் பொத்தென்று கேட்டால் கெட்டிப்பட்டுவிட்டது. அந்தத் துளி கையில் தெறித்தால் சுடுநீரைவிட மோசமாகப் புண்ணாகும். நீளக் கரண்டி வையுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

எலும்பை எடுத்துவிட்டுப் பருப்பு மத்தால் பத்துப் பன்னிரண்டு சுற்று கடையுங்கள். பாதி கரைந்து பாதி தெரிய வேண்டும். மிக்சியில் முழுக்க அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும். அங்கங்கே பல்லில் படும் கேரட்டும் பருப்பும் இல்லாமல் இதற்கு உருவமே கிடையாது. நறுக்கிய ஹாமைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். ஏற்கெனவே வெந்த இறைச்சி, முதலிலேயே போட்டால் தன் உப்பையும் சுவையையும் சாற்றுக்குக் கொடுத்துவிட்டு நார்நாராக நிற்கும். தங்கள் குறிப்பில் ஹாமைப் பருப்போடு ஒன்றாகப் போடச் சொன்னதும் திருத்த வேண்டியதே. எலும்பில் ஒட்டியிருந்ததையும் பிய்த்துப் போட்டு, இப்போது சுவைத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும் உப்பு. பெரும்பாலும் தேவைப்படாது.

நம் நாக்குக்கு ஒரு தாளிப்பு இருந்தால் நன்று. நெய் ஒரு தேக்கரண்டியில் ராமநாதபுரம் குண்டு மிளகாய் இரண்டைக் கீறாமல் போட்டுப் பொரித்து மேலே ஊற்றுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மிளகாய்தான். கீறினால் காரம் ஹாமை மறைத்துவிடும், முழுசாகப் போட்டால் வாசனை மட்டும் இறங்கும்.

குக்கரில் வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 'மூன்று விசில்' என்று தங்கள் குறிப்பு முடித்துவிட்டது. எலும்பைக் குக்கரில் வைப்பதில் தடையில்லை, முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் அரைமணி. பருப்பு கவனம் கேட்கும். பட்டாணிப் பருப்பின் நுரை மேலேறி வெயிட் போடும் குழாய்த் துளையை அடைக்கும். தண்ணீரும் பருப்புமாகச் சேர்ந்து குக்கரின் பாதிக்கு மேல் போகக் கூடாது. முதலில் திறந்தபடி கொதிக்கவிட்டு நுரையை எடுத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, அதற்குப் பிறகு மூடுங்கள். சிறுதீயில் பன்னிரண்டு நிமிடம், ஆவி தானாக அடங்கும் வரை காத்திருங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கெட்டிக் குழம்பு துளை வழியே பீறிட்டு முகத்தில் அடிக்கும். மூடியைக் கழுவும்போது குழாய்த் துளைக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

அடிபிடித்துவிட்டால் கரண்டியால் சுரண்டவே சுரண்டாதீர்கள். மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துவிட்டு, அடியை அப்படியே விடுங்கள். கருகல் வாசனை ஏறவில்லையென்றால் தப்பித்தது. உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுக்கும் வழியை நம்ப வேண்டாம். கிழங்கு தான் குடிக்கும் சாற்றோடு சேர்த்துத்தான் உப்பை எடுக்கிறது, மிச்சச் சாற்றின் உப்பு அப்படியே இருக்கும். 100 கிராம் பருப்பை உப்பில்லாமல் தனியே குழையவிட்டுக் கலப்பதுதான் வழி. ஒன்றரை மணிக்கும் மேலாகியும் பருப்பு உடையவில்லையென்றால் அது தண்ணீர் அல்லது பழம்பருப்பு. அப்போது அந்தக் கால் தேக்கரண்டி சோடாவைப் போட்டு இன்னும் இருபது நிமிடம் பாருங்கள், பொங்கும், பாத்திரத்தில் இடம் விட்டுப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே ஐஸ் பெட்டியில் வந்து சேரும் ஹாமில் பெரும்பகுதி எலும்பில்லாத, மெல்லியதாகச் சீவிய பாக்கெட் ரகம். அதில் ஜவ்வு கிடையாது, சாறு இறங்காது. அதை மட்டும் நம்பினால் சூப் வெறும் பருப்புத் தண்ணீராக நிற்கும். வெண்பன்றி இறைச்சிக் கடையில் கால் ஒன்று அல்லது முட்டி எலும்பு அரைக் கிலோ வாங்கி, மேலே சொன்னபடி சாறு இறக்கி, பாக்கெட் ஹாமைக் கடைசியில் போடுங்கள். அந்த எலும்பில் உப்பு இராது, அதனால் கடைசியில் உப்பு சிறிது வேண்டியிருக்கும்.

பன்றி இறைச்சி சேர்க்காத வீடுகளே இந்தக் கரையில் அதிகம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி வாசகர்கள் அந்தப் பக்கத்தையே புரட்டிவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைக்கு இந்த சூப் புதிதில்லை. கெட்டியாகும் நேரம், அடியில் பிடிக்கும் பயம், கிளறும் பொறுமை எல்லாம் ஒன்றே. பக்ரீத் கறியில் போட்ட உப்புக்கண்டம் இருந்தால் ஹாமின் இடத்தில் அது நேராக உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் உப்பில் பாடம் செய்த இறைச்சிதானே. உப்புக்கண்டம் 200 கிராமை வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, அம்மியில் லேசாகத் தட்டி, ஆட்டு நல்லி எலும்பு அரைக் கிலோவோடு சேர்த்து முதலிலேயே வேகவையுங்கள். ஹாமைப்போலக் கடைசியில் போட்டால் ரப்பராக இருக்கும். காய்ந்த இறைச்சிக்கு நேரம் வேண்டும்.

புகை வாசனைதான் இதில் குறையும். அதற்கும் வழி உண்டு. சூப் முடிந்ததும் ஒரு சிறு கிண்ணத்தை அதன் நடுவில் மிதக்கவிட்டு, கனிந்த கரித்துண்டு ஒன்றை அதில் வைத்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, உடனே மூடி மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் போனால் கசக்கும். சிரட்டைக் கரி உத்தமம். நம் மாவட்டத்துக் கரிமூட்டங்களில் எடுக்கும் சீமைக்கருவேலங் கரியும் ஆகும், ஆனால் முழுக்கக் கனிந்து மேலே வெண்சாம்பல் பூத்த துண்டாக இருக்க வேண்டும். பாதி எரிந்த கரியின் புகை தொண்டையை அறுக்கும்.

கடைசியாக, மிச்சம் வைப்பது. மிஞ்சியதிலிருந்து செய்த பண்டத்திலேயே மிஞ்சும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஹாம் உப்பிட்டதுதானே, கெடாது என்று வெளியில் வைக்கிறார்கள். கடையில் வரும் ஹாமின் உப்பு நம் வெக்கையைத் தாங்குகிற அளவு கிடையாது. சமைத்த ஹாமைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். கையில் பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ, கொதிக்கவைத்தால் சரியாகும் என்று எண்ணாமல் எறிந்துவிடுங்கள்.

சூப்பில் வேறொரு ஆபத்து. கெட்டியான பண்டம் எளிதில் ஆறாது. இரவு அடுப்பில் இறக்கிய ஐந்து லிட்டர் பாத்திரத்தின் நடுப்பகுதி விடியும்வரைகூட வெதுவெதுப்பாக நிற்கும். கொதியில் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் அந்த வெதுவெதுப்பில்தான் முளைத்துப் பெருகும். இறைச்சியும் பருப்பும் அவற்றுக்கு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள், அல்லது பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் போய்விட வேண்டும், சித்திரை வைகாசி வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குள். மின்சாரம் போனால் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் நாலு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம்.

மறுநாள் எடுத்தால் அல்வா மாதிரி வெட்டியெடுக்கும் பதத்தில் இருக்கும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மாவும் ஜவ்வும் குளிர்ந்து இறுகியதுதான். தேவையான அளவை மட்டும் தனியே எடுத்து, ஒரு டம்ளர் வெந்நீரோ எடுத்துவைத்த எலும்புச் சாறோ விட்டு, சிறுதீயில் கிளறிக்கொண்டே நடுவிலும் குமிழ் விடும்வரை சூடாக்குங்கள். பச்சைத் தண்ணீர் விட்டுப் பெருந்தீயில் வைத்தால் மேலே இளகும் முன் அடி பிடித்துவிடும். சூடாக்கியதைத் திரும்பப் பெட்டியில் வைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பக்கத்தில் இடம் இல்லையென்றால், வரும் ஞாயிறு இணைப்பில் மூன்று திருத்தங்களை மட்டுமாவது வெளியிடுங்கள்: பட்டாணி என்பதைப் பட்டாணிப் பருப்பு என்றும், உப்பு இரண்டு தேக்கரண்டி என்பதைச் சுவைத்துப் பார்த்து என்றும் மாற்றுங்கள், தக்காளியை எடுத்துவிடுங்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி சேர்க்க முடிந்தால், இந்தக் கரையில் பல அடுப்புகளில் பருப்பு வேகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.